பலகைக்கும் தெரியாது

கடகடவென்று ஏதோ உருண்டுவரும் சத்தம். முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்த ஆள்காட்டிக் குருவி தலையைத் தூக்கியது.

புறநகரின் அந்தக் காலிமனையில் 'மின்கார் சார்ஜிங் நிலையம் விரைவில்' என்ற பலகை வெகுகாலமாக நின்றது. "விரைவில்னு எழுதினா எதுவும் வராது, ஊரெல்லாம் பார்த்துட்டேன். தைரியமா அதுக்கடியில முட்டை போடு," என்று காக்கைதான் சொல்லியிருந்தது.

ஜேசிபி வேலியை முறித்துக்கொண்டு உள்ளே வந்தது.

"அடப்பாவி, நீயாவது சொல்லியிருக்கலாமே!" என்று குருவி பலகையிடம் கதறியது.

"சத்தியமா எனக்கே தெரியாதுக்கா," பலகை நடுங்கியது. "நானும் நம்பலையே!"

அடுத்த நொடி பலகையும் முட்டைகளும் மண்ணுக்குள் போயின.

சாயங்காலம் காக்கை தயங்கித் தயங்கி வந்தது. "பக்கத்து நகர்ல ஒரு பலகை இருக்கு. எழுத்தே மங்கிப்போச்சு. அது நிச்சயமா வராது."

குருவி சாலையோரம் போய், கூட்டுக்குக் கூழாங்கல் பொறுக்கத் தொடங்கியது.