ஜாடிக்கு வந்த ரிப்போர்ட்

போலீஸ் ஜீப் தெருவுக்குள் நுழைந்தபோது சவரியப்பன் குளித்து முடித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலில்தான் நின்றிருந்தார்.

"வீட்டுல சாராயம் காய்ச்சுறதா மொட்டைக் கடுதாசி வந்துருக்கு," என்றார் எஸ்.ஐ. பாரூக்.

"சாராயமா?" சவரியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒயினுங்கய்யா! பன்னீர் திராட்சை. நாப்பது நாள் மண்ணுல புதைச்சு எடுத்தது."

மனைவி சகாயசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள். கேட்காமலே ஒத்துக்கொள்கிற மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எட்டு ஜாடிகள் வெளியே வந்தன. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கே ஊற்றப் போட்டது. சாணார்பட்டிப் பக்கம் அந்த ஊரில் முப்பது வருஷமாக அவர் ஒயின்தான். இந்த வருஷம்தான் சகாயசெல்வியின் தம்பி தங்கமுத்து குறுக்கே வந்தான். ஏதோ வீடியோவைப் பார்த்து, ரப்பர் குழாய், கண்ணாடி மீட்டர் எல்லாம் வாங்கி அவனும் ஒயின் போட்டான். போட்டதோடு விட்டானா? கோயில் வாசலில் நின்று ஊருக்கே பாடம் நடத்தினான்.

"மச்சான் ஊத்துறது ஒயினே இல்ல, சர்க்கரைத் தண்ணி. புளிக்க வைக்கிற ஈஸ்ட்டைப் போட்டுட்டு அடுப்புல ஏத்திக் கொதிக்க வச்சா, அது உசுரோடவா இருக்கும்?"

இந்தக் கிறிஸ்துமஸுக்கு யார் ஒயின் என்று ஊர் ரெண்டுபட்டுக் கிடந்தது. அதனால் கடுதாசி யார் வேலை என்பதில் சகாயசெல்விக்குச் சந்தேகமே இல்லை. தம்பி வீட்டைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள்.

"கூடப் பொறந்தவ தாலியிலயே கைய வச்சுட்டியேடா! வெளங்குவியா நீ?"

தங்கமுத்து பதறி ஓடி வந்தான். "மாதா சத்தியமா நானில்லக்கா! போலீஸக் கூப்புட்டா என் வீட்டு ஜாடியையும்ல தூக்குவாங்க!"

எஸ்.ஐ. மெல்லத் திரும்பினார். "ஓ... உங்க வீட்டுலயும் இருக்கா?"

அதையும் தூக்கி வந்தார்கள்.

"ஒரு மடக்குக் குடிச்சுப் பாத்தா தெரிஞ்சுபோகும் சார்," என்றார் ஏட்டையா, ஆசையாக.

"குடிச்சுட்டு நீ கோர்ட்டுல சாட்சி சொல்லுவியா? ரெண்டு வீட்டு ஜாடியிலயும் எடுத்து லேபுக்கு அனுப்பு."

சகாயசெல்வி அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். அறுபத்தெட்டு வயதில் மனுஷன் ஜெயில் களி தின்பதா? சவரியப்பனோ தினமும் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றார்.

"ரிப்போர்ட் வந்துருச்சாங்கய்யா?"

"உள்ள போக இம்புட்டு அவசரமா பெருசு?" என்று விரட்டினார்கள்.

பதினெட்டாம் நாள் ஜீப் மறுபடியும் வந்தது. ஊரே கூடிவிட்டது. எஸ்.ஐ. தாளைப் பிரித்தார்.

"தங்கமுத்து ஜாடி. ஆல்கஹால் பன்னிரண்டு சதவீதம். ஏறுய்யா வண்டியில."

"பன்னெண்டா?" தங்கமுத்து கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். மீசையை முறுக்கிக்கொண்டு, மாப்பிள்ளை கார் ஏறுகிற மாதிரி ஜீப்பில் ஏறினான்.

"சவரியப்பன் ஜாடி. ஆல்கஹால் துளிகூட இல்லை. திராட்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, கிராம்பு. பெரியவரே, உம்ம மேல கேஸே இல்ல. ஜாடிய வாங்கிட்டுப் போங்க."

சகாயசெல்வி கையெடுத்துக் கும்பிட்டாள். "பாத்தீங்களாங்க? போட்டுக் குடுத்தவனே மாட்டிக்கிட்டான். ஆண்டவரு கண்ணத் தொறந்துட்டாரு!"

சவரியப்பன் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அய்யா, இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்கய்யா. போன வருஷம் இதக் குடிச்சுட்டு ரெண்டு பேரு சாக்கடையில கெடந்தாங்க!"

"வேற எங்கயாச்சும் குடிச்சிருப்பாங்க. கம்பிய விடும்."

விடவில்லை. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். எஸ்.ஐ.க்கே பாவமாகிவிட்டது.

"கேஸு இல்லன்னு சொல்லியும் ஏன்யா அழுவுறீரு? மொட்டைக் கடுதாசி போட்டவன் மேல கோவமா?"

சவரியப்பன் மூக்கைச் சிந்தினார்.

"இது ஒயின்தான்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டா மச்சினன் வாய அடைச்சுறலாம்னுதானேய்யா, அந்தக் கடுதாசிய நானே எழுதிப் போட்டேன்!"