தேறிவிட்டார்

கிழமை, தேதி, கடிகாரப் படம் என்று ஒரு வாரமாக மகன் பக்கத்தில் உட்கார்ந்து, பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப்போல் அப்பாவை டாக்டரின் ஞாபகசக்திச் சோதனைக்குத் தயார் செய்திருந்தான்.

"தப்பாச் சொல்லிட்டா என்னை எங்கேயாவது கொண்டுபோய்த் தள்ளிடுவியாடா?"

"சும்மா இருங்கப்பா, ஒழுங்காச் சொன்னாப் போதும்."

டாக்டர் கேட்டார். "நூறுல ஏழு போனா?"

"தொண்ணூத்தி மூணு. பஸ் கண்டக்டரா இருந்தவன்கிட்ட இதையா கேக்குறது?"

டாக்டர் சிரித்தார். "முதல்ல மூணு வார்த்தை சொன்னேனே?"

"சாவி, குதிரை, குடை."

மகனின் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவருக்கு உச்சி குளிர்ந்தது. அப்பன் தேறியதில் பிள்ளைக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்! இனி வீட்டில் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுக்கலாம்.

டாக்டர் மகனிடம் திரும்பினார். "புத்தி தெளிவா இருக்கு. முதியோர் இல்லத்துல இனி மறுக்க மாட்டாங்க. ஞாபகம் தப்பினவங்களைத்தான் அவங்க சேர்த்துக்கிறதில்ல. இன்னிக்கே கொண்டுபோய் விடலாம்."

"பெட்டி கார்லயே இருக்கு சார்."

பெரியவர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், இன்னொரு தடவை கேளுங்க. எனக்கு எதுவுமே ஞாபகமில்ல." மகனைக் காட்டினார். "இவன் யாருன்னே எனக்குத் தெரியல."