தேறாத கல்

கிருபாவதியின் லேப் மேல் புகார் போயிருக்கிறது என்று தெரிந்ததும், தேனியில் பாதிப் பேர் அவளுக்கு இது வேண்டியதுதான் என்றார்கள்.

கட்டடச் சாமான்களைச் சோதித்துச் சான்று கொடுக்கிற லேப் அது. அந்தப் பக்கத்தில் அரசாங்க வேலைக்குப் போகிற செங்கலும் ஹாலோ பிளாக்கும் பெரும்பாலும் அவள் கையெழுத்தைத் தாண்டித்தான் போகும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்றெல்லாம் பார்க்க மாட்டாள். அதனாலேயே அவளைப் பிடிக்காதவர்கள் அதிகம்.

புகார் கொடுத்தவர் வேல்பாண்டி. உத்தமபாளையத்தில் ஹாலோ பிளாக் கம்பெனி நடத்துகிறவர். ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்காக அவர் கொடுத்த கல் சோதனையில் தேறவில்லை. மறுபடி கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் தேறவில்லை. ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

கல்லில் குறையில்லை, மெஷினில்தான் கோளாறு, அந்த லேபுக்குக் கொடுத்திருக்கிற அங்கீகாரத்தை ரத்து செய்யுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். பார்க்கிற இடத்திலெல்லாம் அந்தம்மா கையூட்டு எதிர்பார்த்ததாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். புகார் கொடுத்தவர் என்ற முறையில் வேல்பாண்டியும் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மெஷின் காட்டுகிற அளவு சரிதானா என்று பார்க்கிற கருவியை அதிகாரி தன் கையோடு கொண்டுவந்திருந்தார். கல்லை அமுக்கிப் பார்க்கிற மெஷினில் அதை வைத்து ஓட்டினார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். அவர் முகம் மாறியது.

"மேடம், உங்க மெஷின் சரியாக் காட்டல."

கிருபாவதி எழுந்து மெஷின் பக்கம் வந்தாள்.

வேல்பாண்டி எழுந்துவிட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல சார். இந்தம்மாவால என் பொழப்பே போச்சு."

"கொஞ்சம் உட்காருங்க" என்றார் அதிகாரி. "இது குறைச்சுக் காட்டல. கூட்டிக் காட்டுது."

வேல்பாண்டிக்குப் புரியவில்லை. அதிகாரி பொறுமையாக விளக்கினார். ஒரு கல் நிஜமாக எவ்வளவு பாரம் தாங்குமோ, அதைவிட அதிகமாகத் தாங்கும் என்று மெஷின் சொல்கிறது. அப்படிக் கூட்டிச் சொல்லியும் உங்கள் கல் தேறவில்லை என்றால், கல் நாம் நினைத்ததைவிட மோசம்.

வேல்பாண்டி செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கிருபாவதி அவரைக் கவனிக்கவே இல்லை. அவள் தேறாத கல்லை நினைக்கவில்லை. தேறிய கல்லை நினைத்துக்கொண்டிருந்தாள். போன தடவை மெஷினைச் சரிபார்த்த பிறகு, மயிரிழையில் தேறியது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது எதெது?

முதலில் நினைவுக்கு வந்தது சின்னமனூர்ப் பக்கம் புதிதாகக் கட்டின அங்கன்வாடி. அதுவும் வேல்பாண்டி கம்பெனிக் கல்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் அந்தச் சுவரோரம்தான் படுத்துத் தூங்கும்.

அங்கீகாரத்தை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்று அதிகாரி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நிறுத்திருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

அங்கன்வாடி டீச்சர் மாரீஸ்வரி எடுத்ததும், பிள்ளைகளை எழுப்பி உடனே சமுதாயக் கூடத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். என்ன ஏது என்று கேட்டதற்கு, "நான் கொடுத்த சான்று தப்பும்மா. திரும்பச் சோதிக்கிற வரைக்கும் உள்ள யாரும் போக வேணாம்" என்றாள். பிள்ளைகள் அழுதுகொண்டே எழுந்து போகிற சத்தம் போனில் கேட்டது.

பிறகு அப்படி மயிரிழையில் தேறிய கல்லை வைத்துக் கட்டினவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள். சிலர் திட்டினார்கள். ஒரு இன்ஜினியர், இதை வெளியே சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டார்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் வேல்பாண்டியின் வீடு ஞாபகம் வந்தது. அங்கன்வாடி கட்டின அதே சமயத்தில்தான் அவரும் மாடி வைத்துப் புது வீடு கட்டினார். பிரசவத்துக்கு வந்த மகள் கைக்குழந்தையோடு மாடி அறையில்தான் இருக்கிறாள் என்று கேள்வி. பாவம், அந்தப் பயத்தில்தான் மனுஷன் வாய் பேசாமல் ஓடியிருக்கிறார்.

கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் போனை எடுக்கவில்லை. அவர் தன்னைப் பற்றி ஊரெல்லாம் பேசியது எதுவும் அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேராக உத்தமபாளையம் போனாள்.

வேல்பாண்டி வீட்டில் இல்லை. அவர் மனைவி பவுனுதான் கதவைத் திறந்தாள். கிருபாவதி வாசலில் நின்றபடியே மூச்சு வாங்கச் சொன்னாள். மெஷின் தப்பு, கல் தாங்காது, மகளையும் குழந்தையையும் உடனே கீழே கூட்டி வாருங்கள், இன்றைக்கு வேறு எங்காவது தங்குங்கள், நாளைக்கே ஆள் அனுப்பி என் செலவில் சுவரைச் சோதித்துத் தருகிறேன்.

பவுனு அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"இதுக்கா இம்புட்டுத் தூரம் பதறிக்கிட்டு வந்தீக? பயப்படாதீகம்மா, இது பூராம் செங்கல்லு. நம்ம கம்பெனிக் கல்லு ஒண்ணுகூட வீட்டுக்கு வரக்கூடாதுன்னு, அஸ்திவாரம் போடையிலயே அவுக கண்டிசனாச் சொல்லிட்டாகளே."