இருபது பிள்ளைகள், முப்பத்தொன்பது அட்டைகள்

"பிள்ளைங்க இருபது பேர். கழுத்துல மாட்டுற அட்டை முப்பத்தொன்பது. இது எந்த ஊர்க் கணக்கு சார்?"

தலைமை ஆசிரியை அட்டைக் கட்டை மேசைமேல் போட்டார். அவர் இந்தப் பள்ளிக்கு வந்து நான்கே நாள். கணினிக்காரரோ இரண்டு வாரம் விடுப்பில் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தார். விடிந்தால் மழலை வகுப்புக்குச் சுற்றுலா. கூட்டத்தில் ஒரு பிள்ளை கையை விட்டுப் போனால், பார்த்தவர் அதன் வீட்டுக்குப் பேச அந்த அட்டையில் உள்ள எண்தான் வழி.

முடியவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடலாம், வெளியே கொடுத்து அச்சடித்துக்கொள்ளலாம் என்றார் தலைமை ஆசிரியை.

"வேண்டாம் மேடம். நானே முடிக்கிறேன். பன்னிரண்டு மணிவரைக்கும் டைம் கொடுங்க."

டீ வைக்க வந்த ஆயா, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வந்திருக்கலாமே தம்பி," என்று இழுத்தார்.

"வீட்ல உட்கார்ந்து என்னக்கா பண்ணப்போறேன்?" திரையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. டீ ஆடை கட்டி ஆறிப்போனது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தலைமை ஆசிரியையைக் கூப்பிட்டு, இரண்டு அட்டைகளை அருகருகே வைத்தார். பெயர் ஒன்றுதான், எண்கள் வேறு.

"பிள்ளைங்க ஒரு அட்டவணையில இருக்காங்க, பெத்தவங்க இன்னொண்ணுல. ரெண்டையும் சேர்த்துக் கேட்டா, அம்மாவோட ஒரு தடவை, அப்பாவோட ஒரு தடவைன்னு பிள்ளை ரெண்டு வரியில வந்து நிக்குது. வரிக்கு ஒரு அட்டை அடிச்சிடுச்சு."

"அப்போ ரெண்டாவதைத் தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"அம்மா நம்பரைத் தூக்குறதா, அப்பா நம்பரையா? முதல்ல பெத்தவங்களை ஒரே வரியில சேர்த்துட்டு, அப்புறம் பிள்ளையோட இணைக்கணும். இணைச்சுட்டேன். இருபதே அட்டை. இருக்கிற நம்பர் எல்லாம் அதுலயே வந்துடும்."

தலைமை ஆசிரியை லேசில் விடுகிற ஆள் இல்லை.

"சரி, ஆளுக்கு ரெண்டுன்னா நாற்பது வந்திருக்கணும். ஒண்ணு எங்கே போச்சு?"

தலைமை ஆசிரியையே கட்டைப் பிரித்து, ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் தனியாக நின்ற அட்டையை உருவினார்.

"பாருங்க, இந்தப் பொண்ணுக்கு மட்டும் ஒண்ணு. ஒரு நம்பரை யாரோ விட்டிருக்காங்க. நாளைக்கு இவளே தொலைஞ்சுட்டா யார் பதில் சொல்றது?"

டம்ளரை எடுக்க வந்த ஆயா கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"இருங்க, இன்னொரு நம்பர் என்னன்னு அவங்க வீட்லயே கேட்டுடறேன்."

தலைமை ஆசிரியை அட்டையைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி, போனைக் காதில் வைத்தார்.

கணினிக்காரரின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"யாரும் விடலை மேடம்," என்றார் அவர். "காலையில வந்ததும் முதல் வேலையா அவ அம்மாவோட வரியை நான்தான் எடுத்தேன்."