விரித்த கைகள்

என் பந்துதான் செல்வினின் இடது கண்ணைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து ஸ்டம்புக்கு நேராகப் போட எனக்குக் கை வருவதில்லை. என் பந்துகள் பேட்ஸ்மேனுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கியே போகின்றன. செல்வின் இப்போது எங்கள் மைதானத்தில் அம்பயர். ஒவ்வொரு வைடுக்கும் இரண்டு கைகளையும் அகல விரிப்பான். என்னைக் கட்டிக்கொள்ளத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததையும் வைடாகப் போடுவேன். "மன்னிச்சிட்டியாலே?" என்று ஆறு வருடமாகக் கேட்கிறேன். "பந்தப் போடுலே" என்பதோடு சரி. இன்று ஒரே ஓவரில் ஐந்தாவது வைடு. மறுபடியும் கேட்டேன். விரித்த கைகளை இறக்காமலே செல்வின் சொன்னான்: "இல்லலே, மன்னிக்கல. அதுக்காவ, நீ பயந்து பயந்து போடுதத இந்த ஒத்தக் கண்ணால பாத்துட்டே இருக்கணுமா? ஸ்டம்புக்குப் போடு."