ஆறாவது அறை

"உமக்கும் பயமாக் கிடக்கோ?"

போன வருசம் மாசியில், பல் மருத்துவப் படிப்புக்கான நேர்முகம் நடந்த இதே நடைக்கூடத்தில், பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளை நிருஷாவிடம் கேட்டாள். பாடமாக்கிய விடைகள் குழம்பிவிடும் என்ற பயத்தில் நிருஷா திரும்பியும் பார்க்கவில்லை. உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது, அந்தப் பிள்ளை எழும்பிப் போய்விட்டாள்.

அந்த முறை நிருஷாவுக்கு இடம் கிடைக்கவில்லை. கேள்வி மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மெத்ரோ சுரங்கத்துக்குள் நுழைந்து யன்னல் இருளும்போதும், காலையில் பல் தீட்டும்போதும் அது காதுக்குள் கேட்டது.

இந்த முறைதான் கடைசி. இதற்கு மேல் விண்ணப்பிக்க வீட்டில் விடமாட்டார்கள். டிகிரி முடித்தவர்களுக்கென்று இருக்கிற இடங்கள் கொஞ்சம். வருகிற எல்லாருமே நல்ல புள்ளிக்காரர். அவர்களுக்குள் ஆளைப் பிரித்தெடுப்பது இந்த அறைகள்தான்.

ஒவ்வொரு கதவிலும் ஓர் அட்டை இருக்கும், அதில் ஒரு சிக்கல் எழுதியிருக்கும். உள்ளே மூலையில் புள்ளி போடுகிற ஒருவர். சில அறைகளில் நோயாளியாக நடிக்கவும் ஆள் வைத்திருப்பார்கள். மணி அடித்தால் அடுத்த கதவு.

"நடிக்கிற ஆள் அழுதாத்தான் நீ மாட்டுப்படுறாய்," என்று சொல்லித்தான் அண்ணன் விதுர்சன் வில்லரேயில் இருக்கும் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி அவளைப் பழக்கினான். "நான் பல்லுக்கொதியிலை துடிக்கிறன், நீ இமிகிரேசன் ஒபிசர் மாதிரிப் பாத்துக்கொண்டு நிக்கிறாய். கொஞ்சம் குனி. உடனை கதைக்காதை. கண் துடைக்க ரிஷூப் பேப்பரை நீட்டு. கேட்டுப்போட்டுக் கையைப் பிடி."

"பொய்க்கு அழுற ஆளுக்கு என்னண்டு அண்ணா இரங்கிறது?"

"இரங்கச் சொல்லி ஆர் சொன்னது? இரங்கிற மாதிரி இரு."

நிருஷா அதையும் பாடமாக்கினாள். இன்று காலை அங்கே படிக்கிற ஒரு மாணவி வந்து அறைகளின் ஒழுங்கைப் பிரெஞ்சில் விளக்கியபோதும் அவள் உதடுகள் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தன. பாதி காதில் விழவில்லை.

ஐந்து அறைகள் முடிந்தன. மணி அடித்தது. ஆறாவது கதவில் அட்டை இல்லை. யாரோ ஒட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் இருந்தார். சப்பாத்துப் பனி உருகிக் காலடியில் தண்ணீராகக் கிடந்தது. மூலைக் கதிரை வெறுமையாக இருந்தது. கமெராவில் பார்க்கிறார்களாக்கும்.

"பிள்ளை தமிழோ?"

நிருஷாவுக்கு உடனே விளங்கிவிட்டது. பிரெஞ்சு தெரியாத நோயாளி, அதுதான் இந்த அறையின் சிக்கல். மற்ற ஆட்களுக்குக் கஷ்டம், தனக்கு அதிர்ஷ்டம். கதிரையை இழுத்துப் போட்டுக் கொஞ்சம் குனிந்தாள்.

"ஓம் அன்ரி. சொல்லுங்கோ."

"என்ரை மகளும் போன வருசம் இதுக்கு வந்தவள். உள்ளுக்குப் போக முந்தி எனக்குப் போன் எடுத்தாள். 'எல்லாரும் வாய்க்குள்ளை மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கினம் அம்மா, ஒருத்தரும் கதைக்கினமில்லை' எண்டு சிரிச்சவள்." அவர் குரல் தளர்ந்தது. "அண்டைக்குப் பின்னேரம் ரொக்ஸ்பரோ வீட்டுக்கு வாற வழியிலை, ஐஸிலை கார் வழுக்கி... அதுதான் பிள்ளை, அவளின்ரை கடைசிக் கதை."

நிருஷா உடனே கதைக்கவில்லை. மனதுக்குள் மூன்று வரை எண்ணினாள். பிறகு ரிஷூவை நீட்டினாள்.

"இண்டைக்கு அவளின்ரை ஆட்டைத் திவசம், ஒரு வருசம் முடிஞ்சுது. ஐயர் காலமை வந்து செய்துபோட்டுப் போட்டார். எனக்கு வீட்டிலை இருக்கேலாமல் கிடந்தது."

ஆட்டைத் திவசம் வரைக்கும் விசாரித்து எழுதியிருக்கிறார்களே என்று நிருஷா வியந்தாள்.

"உங்கடை கையைப் பிடிக்கலாமோ, அன்ரி?"

கை ஐஸ் மாதிரிக் கிடந்தது. "உங்கடை மனம் என்ன பாடு படுமெண்டு எனக்கு முழுக்க விளங்காது. ஆனா நான் இருக்கிறன். ஆறுதலாக் கதையுங்கோ." விதுர்சன் சொல்லித் தந்ததில் ஒரு சொல்லும் பிசகவில்லை.

அந்தப் பெண் அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விம்மினார். "வந்த சனமெல்லாம் சாப்பிட்டிட்டுப் போட்டுதுகள், பிள்ளை. இப்பிடி ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

மணி அடித்தது. நிருஷா கையை விலக்கி எழும்பினாள். ஒரு வருசமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கினதுபோல இருந்தது. இடம் கிடைத்த மாதிரித்தான். அந்த நிறைவில், ஒரு நன்றியாகத்தான் சொன்னாள்.

"நல்லா நடிச்சியள் அன்ரி. நான் உண்மையெண்டே நினைச்சிட்டன்."

விம்மல் சட்டென்று நின்றது.

கதவு திறந்தது. காலையில் விளக்கம் சொன்ன மாணவி எட்டிப் பார்த்தாள். "மன்னியுங்கள் மதாம், உங்கள் மகள் வந்துபோன இடத்தைக் கொஞ்சம் பார்க்கத்தான் விட்டேன். இனி இருக்க விடமாட்டார்கள்," என்று பிரெஞ்சில் மெல்லச் சொன்னாள். பிறகு நிருஷாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் களைப்பு ஆறினீர்களா? காலையில் சொன்னேனே, ஆறாவது அறையில் தேர்வு இல்லை, அது ஓய்வுக்கு."

நிருஷாவின் உதடுகள் அசைந்தன. காதுக்குள் அந்தப் பழைய கேள்விதான் கேட்டது.

அந்தப் பெண் கையிலிருந்த ரிஷூவை நாலாக மடித்து மேசையில், நிருஷாவுக்கு முன்னால் வைத்தார். பிறகு வெளியே போனார்.