முப்பத்தெட்டு கிலோ

சால்வையைப் போர்த்தியபோது கிளைட்டன் தலையை நிமிர்த்தவே இல்லை. போர்த்தியவள் பேச்சிச்செல்வி. திங்கட்கிழமை சாகக் கிடந்தவளை அவன்தான் தோளில் தூக்கி வந்து காப்பாற்றியிருந்தான்.

“மனுசனுக்கு எவ்வளவு அடக்கம் பாருங்க” என்றார் மேனேஜர் விஜயராஜ். இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் கைதட்டல் எழுந்தது. தோல் உரிக்கும் பெண்கள் எண்பது பேரும் வெள்ளைத் தொப்பியோடு சுவரோரம் நின்றிருந்தார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த விஜிலா மட்டும் கைதட்டவில்லை. அவர் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி. திங்கட்கிழமை நடந்ததை விசாரிக்க வந்தவர். அவர் வரும் நாளாகப் பார்த்துத்தான் பாராட்டு விழாவையும் வைத்திருந்தார் விஜயராஜ்.

இறாலை உறைய வைக்கும் இயந்திர அறைக்கு நான்கு படி கீழே, தட்டுகள் அடுக்கும் அறை. திங்கட்கிழமை காலை ஆறரைக்குத் தட்டு எடுக்கப் போன பேச்சிச்செல்வி அங்கேயே சுருண்டு விழுந்தாள். இயந்திரத்தில் இருந்த குளிரூட்டும் வாயு காற்றைவிடக் கனம். பள்ளத்தில் இறங்கித் தேங்கினால் மூச்சு விடக் காற்று இருக்காது. மெக்கானிக் கிளைட்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அவளை வெளியே கொண்டுவந்து போட்டான்.

“பழைய மிஷின் மேடம். மாத்துறதுக்காக உள்ள இருந்த கேஸ சிலிண்டர்ல இழுத்துட்டிருந்தோம். கடைசி நேரத்துல குழாயில கொஞ்சம் கசிஞ்சிட்டு” என்றார் விஜயராஜ். “முப்பத்தெட்டு கிலோ பத்திரமா இழுத்தாச்சு. ரிஜிஸ்தர்ல இருக்கு.”

விஜிலா பதிவேட்டைப் புரட்டினார். கிளைட்டனின் கையெழுத்து இருந்தது.

“கேஸ வெளிய விடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியும்லா?”

“தெரியாமலா மேடம்? ஒரு கிராம்கூட விட மாட்டோம்.”

விஜிலா பேச்சிச்செல்வியிடம் திரும்பினார். “உங்களுக்கு என்னம்மா ஞாபகம் இருக்கு?”

“தல சுத்திச்சும்மா. சத்தம் போடக்கூட முடியல” என்றாள் அவள். கிளைட்டனை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். “அண்ணாச்சி கூப்பிடாமலே வந்துட்டாவ.”

மறுபடியும் கைதட்டல். கிளைட்டனுக்குக் காது எரிந்தது.

இந்த நான்கு நாளும் இப்படித்தான். அவன் குடியிருக்கும் திரேஸ்புரத்தில் தெருவே அவனை நிறுத்தி நிறுத்தி விசாரித்தது. அவன் மனைவி பிலோமினா, கேட்டவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து கதை சொன்னாள். கோயிலில் பங்குச் சாமியார் எல்லார் முன்னாலும் அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. பிலோமினா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லையே என்றாள்.

“ரெண்டு வார்த்த பேசுலே கிளைட்டா” என்று விஜயராஜ் மைக்கை அவன் கையில் திணித்தார்.

கிளைட்டன் சால்வையைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். பெண்கள் சிரித்தார்கள், கூச்சம் என்று நினைத்தார்கள்.

“குழாயில ஒண்ணும் கசியல மேடம்” என்றான். “நான்தான் வால்வத் தொறந்துவிட்டேன்.”

சிரிப்பு நின்றது.

“சிலிண்டர்ல இழுக்க அரை நாளாவும். பத்து மணிக்குள்ள புது மிஷின ஏத்தணும், இல்லன்னா ஹார்பருக்குச் சரக்கு போகாதுன்னு சார் நெருக்குனாவ. முப்பத்தெட்டு கிலோவும் காத்துலதான் போச்சு. ரிஜிஸ்தர்ல நான் எழுதுனது பொய்.”

“ஏலே, என்ன பேசுதன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?” விஜயராஜ் எழுந்துவிட்டார்.

“கீழ ஆள் இருக்கான்னு நான் எட்டிக்கூடப் பாக்கல மேடம். தட்டு விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஓடுனேன்.” பேச்சிச்செல்வி பக்கம் கையைக் காட்டினான். “இந்தப் பிள்ளைய நான் காப்பாத்தல. கொல்லப் பாத்தேன்.”

விஜிலா விஜயராஜை உட்காரச் சொன்னார். “சிலிண்டரக் கொண்டுவாங்க, எடை போட்டுப் பாப்போம்.”

“காலி சிலிண்டர்தான் மேடம்” என்றான் கிளைட்டன்.

அது காலி சிலிண்டர்தான். எடைத் தட்டும் அப்படித்தான் காட்டியது. இயந்திர அறையைப் பூட்டச் சொல்லிவிட்டு, விஜிலா வாக்குமூலத்தை எழுதி முடித்தார்.

“இதுல உங்க மேலயும் நடவடிக்கை வரும். வேலையும் போகலாம். யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க.”

“போடுதேன் மேடம்.” எழுத்து கோணலாக விழுந்தது.

கூடம் மெல்லக் காலியானது. நேற்றுவரை வணக்கம் சொன்ன பெண்கள் அவனைப் பார்க்காமல் தாண்டிப் போனார்கள். அதுகூட அவனுக்கு ஒரு நிம்மதியாக இருந்தது. பேச்சிச்செல்வி மட்டும் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கிளைட்டன் தரையைப் பார்த்தே பேசினான்.

“என்ன மன்னிச்சிரு தாயி.”

“படியிறங்கும்போதே பாத்துட்டேன் அண்ணாச்சி. நீங்க அந்தப் பக்கம் திரும்பி வால்வத் திருகிட்டிருந்தீய.”

கிளைட்டன் நிமிர்ந்தான். “எல்லாந் தெரிஞ்சா இந்த நாலு நாளும் சும்மா இருந்த? அந்த மேடம் கேக்கையிலகூடச் சொல்லலியே.”

பேச்சிச்செல்வி தொப்பியைக் கழற்றி மடித்தாள்.

“நீங்களா சொல்லுதீயளான்னு பாத்தேன்.”